வேறு பெயரில் இருந்த ஆய்வேடு

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். நூலக வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியாதவள். "மேடம், ஒரு ஆய்வேட்டை எவ்வளவு தூரம் தேடின பிறகு இல்லைன்னு சொல்லலாம்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அப்போது இங்கே ஏற்காட்டில் மழை தகரக்கூரையில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாளாக மனசு அந்தக் கேள்வியையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பதிலை ஒரு வாக்கியத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவளுக்கு மட்டுமில்லை, உங்கள் எல்லாருக்கும்.

நான் கீழே சமவெளியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர் உதவிப் பிரிவில் இருந்தவள். முனைவர் பட்டத்துக்கு எழுதின கணிதம், அறிவியல், பொறியியல் ஆய்வேடுகள் எங்கெங்கே இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று தேடிக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசியில் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் போட்டுவிட்டு ஏற்காட்டுக்கு வந்திருந்தேன். கிளியூர் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன ஊடு இருக்கிறது. முன்னால் நாலைந்து ஆரஞ்சு மரம், பின்னால் எஸ்டேட் காபி, அதற்கு மேலே சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும் மிளகுக்கொடி. அந்த வருஷம் மழை விடவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சமையலறை வரைக்கும் போகும். கப்பில் காபியின் ஆவி எது, மேகம் எது என்று தெரியாது. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாதி விழிப்பும் பாதி தூக்கமுமாக நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு காலையில் கோவிந்தராஜ் வந்தான்.

இதே மலையில் செம்மநத்தம் என்ற ஊர்க்காரன். எங்கள் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் ஆய்வு மாணவன். அவன் அப்பா அம்மா மலையிலேயே சாமையும் பலாவும் கொஞ்சம் காபியும் வைத்திருக்கிறவர்கள். அந்த ஊரிலிருந்து இவ்வளவு படித்தவன் அவன்தான். நூலகத்தில் அவனை நிறைய தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுதுவதைவிட வெளியே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகமாக இருக்கும். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி மழையில் நடந்து வந்திருந்தான். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க மேடம், லீவுல வந்து தொந்தரவு பண்றேனுங்க."

"உக்காரு கண்ணு. என்ன விஷயம்?"

விஷயம் இதுதான். அவன் ஆய்வேடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. உதவித்தொகை நின்றுபோய்க் கொஞ்ச காலம் ஆகிறது. மாசக் கடைசிக்குள் சமர்ப்பித்தால் கீழே ஒரு கல்லூரியில் காலியாக இருக்கும் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கருத்தரங்கில் தன்னுடைய முக்கியமான தேற்றத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான பேராசிரியர் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டே, "இது மாதிரி ஒண்ணை ரொம்ப காலத்துக்கு முன்னால யாரோ ஒரு ஆய்வேட்டுல செஞ்சிருக்காங்களே" என்றிருக்கிறார். யார், எங்கே, எந்த வருஷம் என்று கேட்டதற்கு அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு பெண் எழுதினது என்று மட்டும் சொன்னாராம்.

"எங்க கைடு, தேடிப் பார்த்தாச்சு, எந்த இதழ்லயும் இல்லை, விட்டுருன்னு சொல்றாருங்க. நானும் தேடிட்டேனுங்க. இல்லீங்க." துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான். "நீங்க ஒருக்கா பார்த்துட்டு இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா கொண்டு போய்க் கொடுத்துருவேனுங்க."

கவனியுங்கள். தேடிக் கொடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லச் சொல்லிக் கேட்டான். உங்களிடமும் இப்படி வருவார்கள். பாதிப் பேர் கிடைக்கவேண்டும் என்று வருவார்கள், மீதிப் பேர் கிடைக்கக்கூடாது என்று வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தேடல்தான் செய்யவேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஆசை நம் விரல்களுக்குள் இறங்கிவிடும். கிடைக்கக்கூடாது என்று வந்தவருக்கு நம் விரல்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே களைத்துப்போகும்.

நான் அன்றைக்கு முழுக்கத் தேடினேன். நம் நாட்டு ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் பெரிய களஞ்சியத்தில், தனித்தனிப் பல்கலைக்கழகங்களின் தளங்களில், வெளிநாட்டுக் களஞ்சியங்களில். அவன் எழுதிக் கொடுத்த கணிதச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டேன். தலைப்புகள் திரையில் மேலே போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே மேகமும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எத்தனை பேருடைய இளமை இப்படி ஒற்றை வரித் தலைப்பாக மாறிக் கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டே, ஒரு கட்டத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது திரையும் அணைந்திருந்தது. அவன் தேடினது எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் மதியம் அவன் மறுபடி வந்தபோது, "இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப இல்லீங்களா?"

"கிடைக்கலைன்னுதானே சொன்னேன்."

அந்த வெளிச்சம் போய்விட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் இதில் எனக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. இந்த மலையின் பாறைகளைப் பற்றி ஆய்வேடுகள் வேண்டும் என்று நிலவியல் மாணவி ஒருத்தி முன்னொரு காலத்தில் வந்தாள். ஏற்காடு என்று போட்டுத் தேடி ஒன்றிரண்டு கிடைத்தது போதும் என்று கிளம்பிவிட்டாள். நான் அவளை உட்காரவைத்து 'ஷெவராய்' என்று போடச் சொன்னேன், பிறகு 'சேர்வராயன்' என்று போடச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் வேறு வேறு ஆய்வேடுகள் வந்து நின்றன. ஒரே மலை. ஏறிவந்தவர்கள் ஆளுக்கொரு பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 

அதனால் கோவிந்தராஜிடம் சொன்னேன்: "நீ கணக்குப் பாஷை இல்லாம சொல்லு சாமி. நீ என்ன கண்டுபிடிச்சிருக்கே?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கணக்கைச் சொல்லவில்லை, அவன் அக்கா கதையைச் சொன்னான்.

அவன் சின்ன வயசில், இப்படியே ஒரு மழைக்காலத்தில், அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஊருக்கு ஒரே ரோடு, அதுவும் குறுகல். ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஜீப் அந்தப் பக்கம் நின்றது, இவர்கள் இந்தப் பக்கம். மூங்கிலில் துணி கட்டி அக்காவைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக, வண்டி கிடைக்கிற மஞ்சக்குட்டை பக்கம் இறங்கினார்கள். அம்மா கூடவே நடந்தாள், இவன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனான். அக்கா பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

"அன்னைக்கு நடந்து போகறப்பவே நெனச்சனுங்க, இன்னொரு ரோடு எங்க போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு. நெனச்ச எடத்துல எல்லாம் மலையில ரோடு போட முடியாதில்லீங்களா? போடக்கூடிய எடம் கொஞ்சந்தான். அதுக்குள்ள எங்கெங்க போட்டா, எந்த ரெண்டு ரோடு அறுந்து போனாலும் ஒரு ஊரும் தனியா மாட்டிக்காது? எத்தனை புது ரோடு இருந்தாப் போதும்? அதுக்குத்தானுங்க என் தேற்றம். ஆனா அதுல ரோடுன்னோ ஊருன்னோ ஒரு வார்த்தை இருக்காதுங்க. புள்ளியும் கோடுந்தான்."

அவன் சொல்லி முடிக்கும்போது கரண்டு போய்விட்டது. விளக்கு அணைந்ததும் அறைக்குள் ஏற்கெனவே இருந்த மேகம் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து ஊட்டு லட்சுமி, எஸ்டேட்டில் காபி பறிக்கப் போகிறவள், மழையால் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். வேலியோரம் வந்து நின்று குரல் கொடுத்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுலயும் போயிருச்சுங்களா? மேல லைன்ல மரம் விழுந்துருச்சாமா. டவுன் பக்கம் எல்லாம் இருக்குதாம். அவங்களுக்கு ரெண்டு பக்கமிருந்து வருது, நமக்கு ஒரே பக்கந்தானே."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் அரையிருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது என் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. அவர்களுக்கு ரெண்டு பக்கமிருந்து வருகிறது, நமக்கு ஒரே பக்கம். கோவிந்தராஜ் புள்ளி என்கிறான், கோடு என்கிறான். ரோட்டுக்குப் பதிலாகக் கம்பி என்று வைத்துக்கொண்டால்?

பல வருஷமாகப் பொறியியல் ஆய்வேடுகளையும் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அந்தத் துறைகளின் சொற்கள் பழக்கம். பொருள் முழுக்கப் புரியாது, சொல் தெரியும். மின்சாரக்காரர்கள் புள்ளியைப் புள்ளி என்று சொல்ல மாட்டார்கள், 'பஸ்' என்பார்கள். பல கம்பிகள் வந்து சேர்கிற இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. கோட்டை 'லைன்' என்பார்கள், 'ஃபீடர்' என்பார்கள். அறுந்து போவதற்கு 'அவுட்டேஜ்'.

"பஸ்ஸுங்களா?" என்றான் கோவிந்தராஜ். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தான்.

வீட்டு இணையம் கரண்டோடு போய்விட்டது. எங்கள் தோட்டத்தின் மூலையில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் போனில் சிக்னல் வரும். நான் குடையைப் பிடித்துக்கொள்ள, அவன் போனில் தட்டினான். நான் சொற்களைச் சொன்னேன். கணிதத் துறையை எடுத்துவிட்டு மின்பொறியியல் துறையை வைக்கச் சொன்னேன். பக்கம் திறக்க வெகுநேரம் ஆனது. வெள்ளைத் திரை, சுற்றிலும் வெள்ளை மேகம். அதற்குள்ளிருந்து ஒவ்வொரு வரியாகத் தலைப்புகள் வந்தன. பாதி தூரம் கீழே போனதும் அவன் விரல் நின்றுவிட்டது.

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். மலைப்பகுதிகளில் மின் பகிர்மான வலைகளின் நம்பகத்தன்மை பற்றிய தலைப்பு. எழுதியவர் பெயர் விசாலாட்சி. சுருக்கத்தில் ஒரே ஒரு வரி, நான்காம் அத்தியாயத்தில் இணைப்புகளைச் சேர்ப்பது குறித்து ஒரு பொதுத் தேற்றம் நிரூபிக்கப்படுகிறது என்று. அவன் அந்த வரியைப் படித்தான். மறுபடி படித்தான்.

அந்தக் களஞ்சியத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கோப்பாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான்காவதைத் திறந்தோம். வந்தது மூன்றாம் அத்தியாயம். ஏற்றும்போது யாரோ மூன்றாவதையே இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள். நான்காவது எங்கேயும் இல்லை.

மழை கொஞ்சம் விட்டது. நாங்கள் உள்ளே வரவில்லை, தொட்டி பக்கத்திலேயே நின்றோம். அவன் அவனுடைய கைடைக் கூப்பிட்டான். அவர் நல்ல மனிதர், மாணவர்களுக்காக அலைகிறவர். ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "தம்பி, படிக்க முடியாத ஒண்ணை எப்படி மேற்கோள் காட்டுவே? அது வேற துறை. தலைப்பும் வேற. உன் வேலையை நீ தனியாத்தான் செஞ்சே, அது எனக்குத் தெரியும். சமர்ப்பிச்சுரு. இந்த வேலையும் கை நழுவிப் போச்சுன்னா அடுத்தது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

போனை வைத்துவிட்டுக் கோவிந்தராஜ் என்னைப் பார்த்தான். "மேடம், நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. அந்தப் பையனின் ஈரச் சட்டையைப் பார்த்தபோது, விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? திறக்காத ஒரு கோப்பு. அதைத் திறக்காமலே விடுவதற்கு யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆனால் அவன் என்னைத் தேடி வந்தது என் அபிப்பிராயத்துக்காக இல்லை. தேடுகிறவளாக எனக்குத் தெரிந்ததைச் சொல்வது மட்டும்தான் என் பங்கு.

"இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. இனிமே என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்துல உன்னோடது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காகிதப் பிரதி அந்த நூலகத்துல நிச்சயம் இருக்கும். கேட்டா எடுத்துப் பார்த்துச் சொல்லுவாங்க. கேக்கட்டுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். வேண்டாம்னு சொன்னா உன்னைப் பத்தி நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

அவன் திரும்பி நடந்தான். ஆரஞ்சு மரங்களைத் தாண்டிக் கேட் வரைக்கும் போனான். மேகம் அவனை மூடிவிட்டது. போயே விட்டான் என்று நினைத்தேன். தொட்டியில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லட்சுமி ஊட்டில் யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே மேகத்திலிருந்து அவன் திரும்பி வந்தான்.

"கேளுங்க மேடம்," என்றான்.

அந்தத் தெற்குப் பல்கலைக்கழக நூலகத்தில் மும்தாஜ் என்று ஒரு தோழி இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை, பல வருஷமாகப் போனில் மட்டும் பழக்கம். இந்தத் தொழிலில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற பெரிய சொத்து இப்படிப்பட்டவர்கள்தான். விவரத்தைச் சொன்னேன். "காலைல எடுத்துட்டுக் கூப்பிடறேன் மேடம்" என்றார்.

காலையில் கோவிந்தராஜ் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். கரண்டு இன்னும் வரவில்லை. மறுபடியும் தொட்டி பக்கம். மேகம் அவ்வளவு கீழே இறங்கியிருந்தது, ஒரு கை தூரத்தில் நின்ற அவன் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன்.

"மேடம், கையில இருக்கு," என்றார் மும்தாஜ். "நல்ல கனமான புத்தகம். தட்டச்சு செஞ்சது. குறியீடெல்லாம் பேனாவால போட்டிருக்காங்க. நாலாவது அத்தியாயம் இருக்கு. எதைப் படிக்கணும்?"

"தேற்றம்னு தனியா எழுதியிருப்பாங்க பாருங்க."

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. "இருக்கு. படிக்கறேன். எனக்குக் கணக்கு வராது, தப்பா படிச்சா மன்னிச்சுக்குங்க. ஒரு பெரிய 'ஜி' போட்டிருக்கு. பக்கத்துல முள்ளு மாதிரி ஒண்ணு. அப்புறம் சின்னதா ஒரு 'கே', கீழே இறங்கி உட்கார்ந்திருக்கு..."

கோவிந்தராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மும்தாஜ் ஆங்கிலத்தில் வாசித்தார், ஒவ்வொரு சொல்லாக, கண் தெரியாத ஒருவருக்கு வழி சொல்கிற மாதிரி. நான் தமிழில் சொல்கிறேன். "இணைப்புகள் போடக்கூடிய இடங்கள் வரையறுக்கப்பட்ட ஒரு வலையில், எந்த இரண்டு லைன்கள் ஒரே சமயத்தில் போனாலும்..."

"...எந்த பஸ்ஸும் தனியாகாமல் இருக்க," என்றான் கோவிந்தராஜ்.

மும்தாஜ் நிறுத்தினார்.

அவன் கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தான். தேற்றத்தின் கடைசி வரைக்கும் சொன்னான்.  மனப்பாடப் பாட்டைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். அவனுடைய ஆய்வேட்டில் அது புள்ளி. ஆனால் அவன் விசாலாட்சியின் சொல்லைத்தான் சொன்னான்.

"ஆமாம், அப்படியேதான் இருக்கு," என்றார் மும்தாஜ். "அங்க யாரு பேசறது? உங்ககிட்டயே பிரதி இருக்கா?"

"இல்லைங்க," என்றேன். "அது இந்தத் தம்பி கண்டுபிடிச்சது."

 மும்தாஜ் மெதுவாக, "அத்தியாயத்தை முழுசா ஸ்கேன் பண்ணி அனுமதி வாங்கி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். நான் காபி போட்டு எடுத்துவந்தேன். அது ஆறும் வரைக்கும் கையில் வைத்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

"யாரும் போகாத எடம்னு நெனச்சுட்டிருந்தேனுங்க," என்றான். "எனக்கு முன்னாடியே ஒருத்தங்க வந்து, பார்த்துட்டு, பேசாம திரும்பிப் போயிருக்காங்க."

 பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஆனா அவங்க எந்த வழியில வந்தாங்கன்னு பார்க்கணுமுங்க" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான், இவன் கணக்கையே விட்டுவிடுவானோ என்ற பயம் எனக்குப் போனது.

அந்த மாசம் அவன் சமர்ப்பிக்கவில்லை. கல்லூரி வேலை வேறு ஒருவருக்குப் போனது. அவன் கைடு கொஞ்ச காலம் என்னிடம் பேசவில்லை, அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோவிந்தராஜின் அம்மாவுக்கு மட்டும் இது புரியவே இல்லை. "நீ போட்டதும் சரி, அவங்க போட்டதும் சரின்னா அப்புறம் என்ன சாமி தப்பு?" என்று கேட்டாளாம். 

மும்தாஜ் அனுப்பின அத்தியாயத்தை அவன் எங்கள் ஊட்டில் உட்கார்ந்துதான் படித்தான். விசாலாட்சியின் வழி வேறு, அவனுடையதைவிட நீளம். இவனுடையது குறுக்கு வழி. அத்தியாயத்தின் கடைசியில் அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இரண்டு லைன்கள் ஒரே கம்பங்களில் போனால், ஒரே மரம் விழுந்து இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். அந்த நிலைக்குத் தேற்றத்தை விரிக்கத் தன்னால் முடியவில்லை என்று. கோவிந்தராஜ் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தான். செம்மநத்தத்தில் ஒரே சரிவில் மேலும் கீழுமாகப் போகிற இரண்டு ஒற்றையடிப் பாதைகளை நினைத்ததாகப் பிறகு சொன்னான். மேலே சரிந்தால் கீழேயும் மூடிவிடும்.

அதிலேயே அவன் ஏறக்குறைய ஒரு வருஷத்தைப் போட்டான். நான் ஓய்வு பெற்று மலைக்கே வந்துவிட்டேன். புதிய ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே, இந்தத் தேற்றத்தை முதலில் நிரூபித்தவர் விசாலாட்சி என்று எழுதினான். பிறகு தன்னுடைய குறுக்கு வழியைக் கொடுத்தான். கடைசி அத்தியாயம், ஒரே கம்பத்துக் கணக்கு. பட்டம் வாங்கினான். இப்போது சமவெளியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறான், முன்னால் கை நழுவிப் போன வேலையைவிடச் சின்ன வேலைதான். களஞ்சியத்தில் அந்தக் கோப்பையும் மும்தாஜ் சரிசெய்துவிட்டார். நீங்கள் இன்றைக்குத் திறந்தால் நான்காவது அத்தியாயம் திறக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். இல்லை என்று சொல்லும் முன், அந்த விஷயத்துக்கு வேறு ஒரு துறையில் என்ன பெயர் இருக்கும் என்று யோசியுங்கள். யோசிக்க வரவில்லை என்றால், கேட்டு வந்தவரைச் சாதாரணப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். அதற்கப்புறமும் கிடைக்கவில்லையா, எங்கெங்கே எந்தச் சொல்லால் பார்த்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கிடைத்துவிட்டால் அதைச் சொல்லுங்கள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். பிறகு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

கோவிந்தராஜ் பட்டம் வாங்கும் முன்பே மும்தாஜ் தன் பல்கலைக்கழக மின்பொறியியல் துறையின் பழைய ஊழியர்களிடம் விசாரித்து விசாலாட்சியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆய்வேடு முடித்ததும் மின்சாரத் துறையில் வேலைக்குப் போனவர், பிறகு ஆராய்ச்சிப் பக்கமே திரும்பவில்லை. ஓய்வு பெற்றுத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். பேச ஒப்புக்கொண்டார். கோவிந்தராஜ் எங்கள் ஊட்டிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டு அழைத்தான். அன்றைக்கு மழை இல்லை. பிற்பகல் வெயில் மேகத்துக்குள் பரவி, தோட்டம் முழுக்கப் பால் நிறத்தில் இருந்தது.

அவன் யார் என்று சொன்னான். எப்படித் தேடினோம் என்று சொன்னான். 

"தம்பி," என்றார் அந்த அம்மா. "நாலாவது அத்தியாயத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சேனுங்கம்மா."

"முழுசாவா?"

"முழுசாத்தானுங்க. திரும்பத் திரும்பப் படிச்சேனுங்க. அந்த ரெண்டாவது படம் நொம்ப அழகா இருந்துச்சுங்க."

"அதைக் கையால வரைஞ்சேன்," என்றார். அப்புறம் நீண்ட நேரம் பேசவில்லை. வைத்துவிட்டாரோ என்று கோவிந்தராஜ் என்னைப் பார்த்தான். நான் இரு என்று கையைக் காட்டினேன்.

"கடைசியில ஒண்ணு விட்டுட்டுப் போனேனே, ஒரே கம்பத்துல ரெண்டு லைன். அது உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துருச்சுங்கம்மா."

"வந்துருச்சா." அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா, வேறு எதுவுமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இருங்க தம்பி, வச்சுறாதீங்க. ஒரு பேப்பர் எடுத்துட்டு வந்துடறேன்."

நாற்காலி நகரும் சத்தம். மெதுவாகப் போகும் காலடிகள். எங்கோ ஒரு இழுப்பறை திறந்து மூடியது. கோவிந்தராஜ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். காலடிகள் திரும்பி வந்தன.

"ம், சொல்லுங்க," என்றார்.

"ஒரு மரம் விழுதுன்னு வச்சுக்குங்கம்மா," என்று அவன் ஆரம்பித்தான்.